எல்லாம் ஒரே ஐஸ்

பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் இன்று ஒரு வீடியோ வந்தது. ‘அவசியம் பார்க்க வேண்டிய இயற்கை ஆவணப்படம்’ என்று தலைப்பு. பனிக்கரடி ஒன்று பென்குயினைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறது. பார்த்ததும் சிவகாசியில் பெரியப்பாவின் காலண்டர் அச்சகத்து மை வாசம் மூக்கில் ஏறியது.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. கேபிளில் விலங்குப் படம் ஓடினால் பெரியப்பா சத்தத்தை அணைத்துவிட்டு, அடுத்த சீசன் காலண்டருக்கு என்ன போடலாம் என்று மட்டும் பார்ப்பார். அந்த வருடம் பனிக்கரடியையும் பென்குயினையும் சேர்த்து அச்சடித்தார்.

“பெரியப்பா, கரடி வடதுருவம், பென்குயின் தென்துருவம். நான் சத்தம் வச்சுக் கேட்டேன்.”

“எல்லாம் ஒரே ஐஸுதான பிள்ள. வாங்குறவுக அங்கன போயா பார்க்கப் போறாக?”

அந்தக் காலண்டர் எங்கள் வகுப்பிலும் தொங்கியது. இரண்டும் ஒரே இடத்தில் வாழாது என்று பரீட்சையில் எழுதினேன். அறிவியல் டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். கேட்டதற்குச் சுவரைக் காட்டி, “அச்சடிச்சவுக முட்டாளு, நீ மட்டும் அறிவாளியோ?” என்றார்.

வீடியோவை அனுப்பியது யாரென்று பார்த்தேன். அதே டீச்சர். ‘அறிவு வளரட்டும் செல்லங்களே’ என்று வேறு எழுதியிருந்தார். மேலே தள்ளிப் பார்த்தால், இன்று மட்டும் அவர் இப்படி அனுப்பியதில் இது நான்காவது.

பெரியப்பாவாவது வருடத்துக்கு ஒரு பொய்தான் அச்சடித்தார்.