பின்னாடி போகச் சொன்னது நான்தான்

கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க, என் தங்கச்சி அமுதாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் சின்ன முதலாளி. அமுதா தவறிப்போய் ஆறு மாசம் ஆகிறது. “தன்னம்பிக்கைன்னு தலைப்பு வெச்சுக்கலாம்ண்ணே” என்றார். தலைப்பை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விருத்தாசலத்து செராமிக் ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் பர்னஸ் எரித்தவன் நான். பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

1. அவள் பார்த்த வேலை

இரண்டு வயதில் போலியோ வந்து அமுதாவுக்கு இரண்டு காலும் விளங்காமல் போயின. பால்பேரிங் வைத்த பலகையில் உட்கார்ந்து கையால் தள்ளிக்கொண்டு போவாள். எங்கள் ஷெட்டில் செய்தது பீஸ் கேரியர். வீட்டு மெயின் போர்டில் பீஸ் கம்பி மாட்ட வெள்ளைப் பீங்கானில் இருக்குமே, அதுதான். சுடுவதற்கு முன்னால் பச்சை சாமான் நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது அமுதாவின் வேலை. ராக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். “ஆவலண்ணே, நாளைக்குப் பாக்கலாம்” என்று ஓரமாக வைத்துவிடுவாள். ஈரத்தோடு பர்னஸுக்குள் போனால் சூடு ஏறும்போது ஆவி கட்டி வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நொறுக்கும். சாயங்காலம் அவள் கன்னம் முழுக்க மண்ணாக இருக்கும். துடைக்காமலே டீ குடிப்பாள்.

இதோடு நிறுத்தினால் போதும் என்று கம்பெனியில் நினைக்கிறார்கள். போதாது. அவள் வாய்க்கு ஷெட்டே பயப்படும். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் கண்ணைப் பறிக்கிற கலரில் புதுப் புடவை வேண்டும். லோடு ஏற்ற வந்த சேத்தியாத்தோப்பு முருகேசனை அவளேதான் பிடித்தாள். “எனக்கு உங்களப் புடிச்சிருக்குது. உங்களுக்கு எப்படி?” என்று லாரி பக்கத்தில் வைத்துக் கேட்டாள். அவன் விட்டுவிட்டு ஓடிவிடுவான் என்று அம்மா அழுதார். அவன் எங்கேயும் ஓடவில்லை. தினமும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கினார்கள். மூணு சக்கர ஸ்கூட்டர் வந்த பிறகு அவனைப் பின்னால் உட்கார வைத்து சந்தைக்கு ஓட்டிப் போனாள்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள், “பாவம், இனிமே அதுக்குக் கஷ்டம் இல்ல” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கய்யா கஷ்டம்? கடைசி வாரம்கூடக் கறிக்குழம்பில் காரம் பத்தவில்லை என்று கத்தியவளுக்கா?

2. புது பர்னஸ்

கேஸில் எரியும் புது பர்னஸ் வந்தது பல வருஷம் முன்னால் ஒரு ஐப்பசியில். நாலு நாளாக அடை மழை. அன்றைக்குப் பூஜைக்கு ஐயர் வந்திருந்தார், வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அப்போது சின்ன முதலாளியின் அப்பா, பெரிய முதலாளி, உயிரோடு இருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏழுமல, நல்ல காரியம் நடக்குது. முடியற வரைக்கும் அமுதாவக் கொஞ்சம் பின்னாடி ஷெட்டுல இருக்கச் சொல்லு. நீ சொன்னா அது தப்பா எடுத்துக்காது.”

அபசகுனம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அமுதா கிளிப்பச்சைப் புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்து, பர்னஸுக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். நான் போய், “இங்க கூட்டமா இருக்கும்மா, பின்னாடி போய் இரு” என்றேன்.

“கூட்டம் எனக்கு மட்டுந்தானாண்ணே?” என்றாள்.

அவள் பலகையைத் திருப்பிக்கொண்டு போனாள். சிமென்ட் தரையில் அந்த பேரிங் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது.

கடைசி இரண்டு ராக்கை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். “நாலு நாள் ஆச்சு, காஞ்சிருக்கும்” என்று சொல்லி பர்னஸுக்குள் போகிற ட்ராலியில் ஏற்றியவனும் நான்தான். பதினோரு மணிக்கு உள்ளே முதல் சாமான் வெடித்தது. அப்புறம் வரிசையாக வெடித்தது. மறுநாள் ஆறவைத்துத் திறந்தால் பாதி ட்ராலி ஓட்டாஞ்சில்லு.

“பின்னாடி உக்காந்து அது வயிறெரிஞ்சிருக்கும், அதான்” என்றான் ஒருவன். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பெரிய முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து, “இனிமே அமுதா பாக்காம ஒரு சாமான் உள்ள போகக் கூடாது” என்றார். சந்தோஷத்தில் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

“பாத்தியா, உன் அருமை அவருக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றேன்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வெடிக்கலன்னா?”

எனக்குப் புரியவில்லை.

“சாமான் எல்லாம் நல்லா வந்திருந்தா, நான் பின்னாடி போனது சரின்னு ஆயிருக்கும். அப்படித்தானே? முதலாளி அவரு பர்னஸப் பாத்தாரு. நீ யாரண்ணே பாத்த?”

இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை. முதலாளியோடு பேசினாள், வேலைக்கு வந்தாள், ஒவ்வொரு சாமானையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்த தடவை பர்னஸ் பற்றவைக்கும்போது அதே கிளிப்பச்சைப் புடவையில் முன்னால் வந்து உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

3. பிள்ளைகளுக்கு

ஈரம் பார்க்காமல் சாமான் ஏற்றாதே என்பது இதில் பாடம் இல்லை. அதை சூப்பர்வைசர் சொல்லித் தருவார். அவள் கெட்டிக்காரி, அதனால் மரியாதை கொடு என்பதும் பாடம் இல்லை. அவளுக்கு ஒரு வேலையும் தெரியாமல் இருந்திருந்தாலும் அந்த இடத்தில் உட்கார அவளுக்கு உரிமை இருந்தது. யாரையாவது பின்னாடி போகச் சொல் என்று மேலே இருப்பவர் உன்னிடம் சொன்னால், “என்னால முடியாதுங்க” என்று சொல். எனக்கு அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

இதுவரை எழுதியதைச் சின்ன முதலாளியிடம் காட்டினேன். படித்து முடித்துத் தாளை என்னிடமே நீட்டினார்.

“ரொம்ப நல்லா இருக்குதுண்ணே. அந்தப் பூஜை விஷயத்த மட்டும் எடுத்துடலாமே. அப்பா பேரு கெடும். உங்களுக்கும் நல்லா இல்ல.”

“என்னால முடியாதுங்க” என்றேன். “போட்டா முழுசாப் போடுங்க. ஒரு தரம் அவளப் பின்னாடி அனுப்பினது போதும்.”