தேவராஜாவின் காலில் என் சப்பாத்து

பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு தேவராஜா மலை ஏறுகிறார். ஞாயிறு காலையென்றால் நாங்கள் குடியேறிய நகரத்துக்குப் பக்கத்து டண்டினொங் மலைப் பாதையில், மழையானாலும், இதுதான். வெள்ளைக்காரர் விலகி வழிவிட்டுப் பார்க்கிறார்கள். "பாரமில்லாமல் ஏறினால் அது உலாத்தல், ஐசே" என்பார் மூச்சிரைக்க. வீட்டுக்குப் போனதும் அதே அரிசியை மனைவி திலகம் உலையில் போடுவார். வியர்வை மணக்கிறதென்று பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள்.

கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். குள்ளம், தொப்பை, தடித்த கண்ணாடி. இமயமலை ஏறுகிற முகமா அது? ஏறிவிட்டு வந்திருக்கிறாரே! போன கார்த்திகையில், எவரெஸ்டுக்குப் போகிற வழியிலுள்ள தியாங்போச்சே மடத்தில், பிக்குகள் முகமூடி கட்டி ஆடும் மணி ரிம்து திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த யோசனை என்னுடையது. நூலகத்தில் படத்தைக் கண்டவன் நான். பயணக் குழுவில் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்தவனும் நான். கடைசியில் டாக்டர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, உமக்கு வீட்டு மாடிப்படி போதும் என்று சொல்லிவிட்டார். தேவராஜாவுக்கு ஒரு குறையுமில்லையாம்.

பொறாமையா என்று கேட்கிறீர்களா? வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

போகுமுன் வீட்டுக்கு வந்தார். "ஐசே, உம்மடை சப்பாத்து எனக்கு அளவுதானே? புதுசு போட்டால் கால் கொப்பளிச்சுப் போகும்." மாதக்கணக்காக நடந்து நடந்து நான் பதப்படுத்திய சப்பாத்து. நான் போகாவிட்டாலும் சப்பாத்தாவது போகட்டுமே என்று கொடுத்தேன். "கழுவாமல் கொண்டுவாரும். அந்த மண்ணோடை வேணும்" என்றேன்.

"ஓம், ஓம்."

வந்திறங்கிய சனிக்கிழமையே எங்கள் ஆட்கள் அவர் வீட்டில் கூடிவிட்டார்கள். "ஊரிலை சந்திக்குச் சந்தி இல்லாத புத்தரையோ நேபாளத்திலை போய்க் கண்டனீர்?" என்று அரியரத்தினம் சீண்டினார். தேவராஜா அசரவில்லை. மேசைத் துணியை உருவித் தோளில் போட்டு, கன்னத்தை ஊதி, அந்தப் பிக்குகளைப்போல ஒற்றைக்காலில் சுழன்று காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தொப்பை அவ்வளவு லாவகமாகச் சுழல்வதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் திலகத்தோடு வந்து சப்பாத்தைத் தந்தார். கடையில் வாங்கின அன்றுகூட அது அப்படிப் பளபளக்கவில்லை.

"மண் எங்கை?" என்றேன்.

"நான் என்ன செய்ய? வெளிநாட்டு மண்ணை உள்ளுக்கு விடமாட்டினமாம். எயார்போட்டிலை ஒருத்தன் பிறஷைத் தந்து, முன்னாலை நிண்டு கழுவ வைச்சவன், ஐசே."

"அப்ப எனக்கு என்ன மிச்சம்?" குரல் உடைந்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். திலகத்தின் கொண்டை ஊசியை வாங்கி, சப்பாத்தை மடியில் கவிழ்த்து, அடித்தோலின் தையலைக் கிண்டத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிண்டினார். கடைசியில் பொட்டளவு மண், சாம்பல் நிறத்தில், அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது.

நான் கையை நீட்டினேன்.

தேவராஜா கண்ணை மூடி, அதை மிச்சமில்லாமல் விரலில் ஒற்றி, தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.