பர்மனெண்ட் நிழல்

உலகத்துக்கே நிழல் போடப் போகிறார்களாம். அதைப் பற்றிப் பேச ஒரு விஞ்ஞானி வருகிறார் என்பதற்காக, டவுன்ஷிப் மண்டபத்து வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தை மொட்டையடித்தார்கள். கிளைகள் பேனரை மறைத்தனவாம். பேனரில் பூமி வாயில் தெர்மாமீட்டரோடு படுத்திருந்தது.

தோட்ட வேலைக்குக் காண்ட்ராக்டில் போய்க்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பெண்களும் மதியச் சோறு தின்றது அந்த மரத்தடியில்தான். எங்களுக்கென்று வேறு நிழல் கிடையாது. கூட வேலை செய்த முத்தாண்டிக்குப்பத்துக்காரிக்கு வெயில் ஆகாது, கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணை இருட்டிக்கொண்டு வரும். அவள்தான் சூப்பர்வைசரிடம் போனாள்.

"ஒரே ஒரு கிளைய வுட்டுடச் சொல்லுங்க சார், அதுக்கடியில உக்காந்துகினு சாப்டுக்கறோம்."

"ஏம்மா, பேனர் முக்கியமா, உன் சோறு முக்கியமா?" என்றார் அவர்.

கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. காலி நாற்காலி போட்டோவில் அசிங்கமாக விழும் என்று எங்களையே கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்காரச் சொன்னார்கள். ஏசியில் உடம்பு நடுங்கியது. விஞ்ஞானி நல்ல மனிதர், தமிழிலேயே பேசினார். ராக்கெட்டில் துகள்களைக் கொண்டுபோய் பூமியைச் சுற்றி வளையமாகத் தூவிவிட்டால் கொஞ்சம் வெயிலைத் தடுக்குமாம். சுரங்கத்துத் தூசு படிந்து, துணியைத் தட்டியே மடிக்கிற ஊரில் வந்து தூசின் பெருமையைப் பேசுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு.

கேள்வி கேட்கலாம் என்றார். முத்தாண்டிக்குப்பத்துக்காரி எழுந்தாள்.

"அந்தத் தூசு பர்மனெண்டுங்களா, காண்ட்ராக்டுங்களா?"

மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் யோசித்துச் சொன்னார். "காண்ட்ராக்ட்தாம்மா. ரொம்ப நாள் நிக்காது. போகப் போகப் புதுசா அனுப்பிக்கிட்டே இருக்கணும்."

"அதுவும் வெயில்லதான் நிக்கணும், பாவம்" என்று என் காதில் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

மறுநாள் மதியம் மொட்டை மரத்தடியில் தூக்கைத் திறந்தோம். அடிமரத்து நிழல் ஒருத்திக்குக்கூடக் காணாது. அதில் அவளை உட்கார வைத்தோம். நாலு வாய் தின்றிருப்பாள், அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு கீற்றுக் கொட்டகையாவது போட்டுக் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். மேலிடத்தில் பேசுகிறேன் என்றார். எவ்வளவு மேலே என்று சொல்லவில்லை.

அவள் திரும்பி வரவேயில்லை. அந்த வாரமே அவளுடைய துடைப்பத்தை வைத்துக்கொண்டு காடாம்புலியூர்க்காரி ஒருத்தி வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"எங்கக்கா உக்காந்து சாப்புடுவீங்க?"