யுத்தப் பிரபுவின் மகளுக்கு ஒரு கல்வெட்டு

கனடாவில், ஸ்காபரோவில் பதினெட்டு வருடங்களாகச் செத்தவர்களைப் புகழ்ந்து பிழைக்கிறேன். என் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழும் அடிப்போம், ஆனால் சோறு போடுவது கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. உள்ளே தேவாரம், படங்கள், வாழ்க்கை வரலாறு. வரலாற்றை நானே எழுதிக் கொடுப்பேன். நான் எழுதியவற்றில் ஒரு கெட்ட மனிதர்கூட இதுவரை செத்ததில்லை.

போன வருடம் என் அப்பா இறந்தார். அவருடைய கல்வெட்டையும் நான்தானே எழுதவேண்டும். அப்பா அம்மாவை நாற்பது வருடம் அடித்தவர். பெல்ட், செருப்பு, தும்புத்தடி, கைக்கு அகப்பட்ட எதனாலும். ஒருமுறை கையை முறித்தார். ஆஸ்பத்திரியில், அம்மா வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொன்னோம். இதை எழுதுவதா, வழக்கம்போலப் பூசி மெழுகுவதா என்று தெரியாமல் இரண்டு கிழமை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணவர் சீனர். மாமியார் இறந்துவிட்டாராம்.

"அண்ணை, மாமிக்கு ஒரு கல்வெட்டு அடிக்கவேணும். எங்கட ஆக்களும் வருவினம், அவையின்ர ஆக்களும் வருவினம். தமிழும் இங்கிலீசுமாய்ச் செய்து தாங்கோ."

குறிப்புகளைத் தந்துவிட்டுப் போனார். மாமியாரின் தகப்பன் அந்தக் காலத்துச் சீனாவில் ஒரு யுத்தப் பிரபு. சொந்தப் படை, சொந்த வரி, சொந்தச் சட்டம். மூன்று மாவட்டங்களைத் துப்பாக்கியால் ஆண்டவர். பழக்கதோஷம் என்னை விடுமா? 'மக்கள் நலனே தன் நலமெனக் கொண்ட பெருந்தலைவரின் செல்வப் புதல்வி' என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கணவருக்கு அறுபது வயதிருக்கும். அவர் ஆங்கிலப் பக்கத்தை மேசையில் போட்டு, அந்த வரியை விரலால் குத்தினார். குரல் உயரவில்லை. நின்றபடியே ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த யுத்தப் பிரபு, அவருடைய பாட்டன், முதலில் உப்பு மூட்டை சுமந்தவர். தப்பியோடிய சிப்பாய்களைச் சேர்த்துக்கொண்டு, முதல் வேலையாகத் தன் முதலாளியை உயிரோடு கிணற்றில் போட்டுக் கல்லால் மூடினார். வரி கட்டாத ஊர்களைக் கொளுத்தினார். வெட்டிய தலைகளைக் கூடையில் வைத்துப் பட்டின வாசலில் தொங்கவிட்டார். சந்தைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் கீழே நடந்தார்கள். ஒரு வாத்தியாரைச் சுட்டுவிட்டு, அவர் மனைவியை அன்றைக்கே இழுத்துவந்து வீட்டில் வைத்தார். அவளுக்குப் பிறந்தவர்தான் இப்போது இறந்த மாமியார்.

தலை வெட்டும் நாட்களில் பாட்டன் நாலு வயது மகளை மடியில் இருத்திக்கொள்வார். விழுகிற தலைகளை அவள் சத்தமாக எண்ணவேண்டும். கண்ணை மூடினால் தொடையில் நுள்ளுவார். கடைசியில் மெய்க்காப்பாளன் ஒருவன் சாப்பாட்டு மேசையில் வைத்து அவரைச் சுட்டான். மகள் பக்கத்துக் கதிரையில். இப்போது அந்தப் பட்டினத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பாதை போட்டாராம், பள்ளிக்கூடம் கட்டினாராம்.

கணவர் சேர்ட் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்கு மேலே பழைய சூட்டுத் தழும்புகள். அம்மா அயன்பெட்டியால் சூடு வைத்தது என்றார். ஒவ்வொரு சூட்டுக்கும் அவரைச் சத்தமாக எண்ணச் சொல்வாராம்.

"அண்ணை, இவர் சொன்னதெல்லாத்தையும் போடவேணுமாம். ஒண்டையும் குறைக்கவேண்டாமாம்," என்றார் மனைவி.

"பிள்ளை, இது செத்தவீட்டுப் புத்தகம். சனம் என்ன சொல்லும்?"

மனைவி அதை அவருக்கு மொழிபெயர்த்தார். கணவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: அந்த ஆளை நல்லவராக்கினால், என் அம்மா காரணமில்லாமல் கெட்டவராகிவிடுவார்.

எல்லாவற்றையும் போட்டு அடித்தேன். அச்சு ஓடும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, கூடவே ஒரு துணிவும் வந்தது. அடுத்த நாள் மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு அஜக்ஸுக்குப் போனேன். அம்மா அங்கே தங்கச்சி வீட்டில் இருக்கிறார். குசினி மேசையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா உங்களை அடிச்சதெல்லாத்தையும் கல்வெட்டில எழுதப்போறன்."

நிமிரவில்லை. "எழுது."

"உங்களுக்கு ஓமோ?"

"ஓம். டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டில என்ர தலைமயிரைப் பிடிச்சு அடுப்பு விளிம்பில அடிச்சதை எழுது. மூண்டு பல்லு கொட்டுண்டதை எழுது." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சோபாவில இருந்துகொண்டு ரீவிச் சத்தத்தைக் கூட்டினதையும் எழுது. உனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு."

உண்மைதான். அப்பாவைவிட நான் அரையடி உயரம் அப்போது. ஒரு கையால் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

கடைக்குத் திரும்பி எழுதினேன். இரண்டு பக்கம் தடையில்லாமல் வந்தது, நான் ரீவிச் சத்தத்தைக் கூட்டிய வரியும் வந்தது. அதன் பிறகு கை ஓடவில்லை. முந்நூறு பேர் வாசிப்பார்கள், என் பிள்ளைகள் வாசிப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிப் பார்த்தேன். அம்மா வாசிப்பார், நான் என்னை மட்டும் ஒளித்தது அவருக்குத் தெரியும் என்ற நினைப்பு வந்தது. என் வரியை வெட்டவேண்டுமென்றால் அப்பாவின் அடிகளையும் வெட்டத்தான் வேண்டும்.

இரண்டையும் வெட்டினேன். முப்பத்தோராம் நாள் முதல் பிரதியை அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் தாள்களைப் புரட்டிக் கடைசிப் பக்கம்வரை வாசித்தார். மூடி, என்னிடமே திருப்பித் தந்தார்.