ஷர்லியின் பதினெட்டு மூட்டைத் தூள்

திருக்கோகர்ணத்தில் ஷர்லியை அடையாளம் கண்டுகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சேலையைப் பார்த்தால் போதும். கடைப் பெயர்ப்பலகைகளுக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட்டில் எழுத்து வெட்டித் தருவது அவள் தொழில். மெஷின் சுற்றினால் எழுத்து கொஞ்சம், சுருள் சுருளாகத் தூள் கொள்ளை. துணியில், தலைமுடியில், கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தட்டத் தட்டப் போகாது. ஞாயிறு பூசையில் அவள் பக்கத்தில் மண்டியிட்டவர்கள் சிவப்புத் தூளோடுதான் வீடு திரும்புவார்கள்.

ஊர் சிரித்தது. கட்டடச் சொந்தக்காரர் ஆவுடையாள் ஆச்சி சிரிக்கவில்லை. பின்கட்டில் பதினெட்டு மூட்டைத் தூள். காற்றடித்தால் அக்கம்பக்கத்துச் சோற்றிலெல்லாம் விழுந்தது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள இத ஒழிச்சுக்கட்டு ஆத்தா. இல்லாட்டி கடையக் காலி பண்ணிரு."

பழைய சாமான் கடை நாகராசு கையெடுத்துக் கும்பிட்டார். "தண்ணி பாட்டில் குடுங்க, வாங்கிக்கிறேன். இத நான் யாரு தலையில கட்டுறது?" எரித்துவிடலாமே என்று யோசனை சொல்ல வந்த ஒரு மகானுபாவரை ஷர்லி திட்டி அனுப்பினாள். எரித்தால் தெருவே இருமும்.

ஷீட்டைச் சூடாக்கி வளைப்பது அவளுக்குக் கைவந்த வேலை. சூட்டில் வளைகிற பொருள், தூளானாலும் ஒன்றோடொன்று ஒட்டாதா என்ன? ஷீட் வளைக்கும் வேலைக்கென்றே ஆலங்குடியில் மூடிப்போன பேக்கரியின் அடுப்பை வாங்கி வைத்திருந்தாள். இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே தூளைப் பரப்பி, போல்ட் போட்டு இறுக்கி, உள்ளே தள்ளினாள். வந்தது கருகிய அப்பளம், தொட்டதும் உதிர்ந்தது. புதன்கிழமையும் அதே கதி. பதினொரு வருடக் கடை கைவிட்டுப் போகிறதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழன் காலை ஓர் உதிரித் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கருகியிருந்தது அக்ரிலிக் இல்லை, காகிதம்! கீறல் விழாமலிருக்க ஷீட்டின் மேல் ஒட்டி வரும் காகிதத்தை இந்தத் தொழிலில் யாரும் உரிப்பதில்லை. அதோடு சேர்த்தே வெட்டுவார்கள். பலகை ஏறிய பிறகுதான் உரிப்பார்கள். அவளும் அப்படித்தான். மூட்டைக்கு மூட்டை காகிதத்தை அவளே கலந்து வைத்திருந்தாள்.

ஓடிப்போய் அண்டாவில் தண்ணீர் பிடித்து ஒரு மூட்டையைக் கொட்டினாள். அரிசி களைவதுபோலக் களைந்தாள். காகிதம் கூழாகி மேலே நின்றது, தூள் அடியில் தங்கியது. மொட்டைமாடியில் பரப்பிவிட்டு, "காயி, காயி!" என்று வெயிலை விரட்டினாள்.

காய்ந்ததை மறுபடி தகட்டில் இறுக்கி அடுப்பில் தள்ளி, வெள்ளிக்கிழமை தகட்டைப் பிரித்தாள். சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட ஷீட்! வளைத்தாள், உடையவில்லை. தட்டினாள், டங்கென்றது. அவள் போட்ட கூச்சலில் ஆவுடையாள் ஆச்சி பதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னாத்தா, கைய வெட்டிக்கிட்டியா?"

"பாருங்க ஆச்சி! ஒங்க பின்கட்டுக் குப்பை!"

ஆச்சி தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நெசமாவா? எங்க வீட்டுக்கு நம்பர் பலகை இதுலயே வெட்டு." காலி பண்ணும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அதற்குள் ஷர்லி போனில் இருந்தாள். மறுமுனையில் டவுனில் இதே தொழில் செய்யும் செம்மல்.

"அண்ணே, ஒங்க பட்டறைத் தூளக் கொட்டிராதீங்க. எம்புட்டு மூட்டை இருந்தாலும் நான் வந்து அள்ளிக்கிறேன்."

ஆச்சி தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஷீட்டை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார்.

"கொண்டா. ஆனா, பறக்காம தண்ணியில நனைச்சுத்தான் உள்ள கொண்டாரணும், சொல்லிட்டேன்."