சஷ்டி விரதம் இருந்த நாய்

நன்றிக்கு நாய் என்று முதலில் சொன்னவன் நாய் வளர்த்திருக்கவே மாட்டான்.

எங்கள் நாயை வீட்டுக்குக் கொண்டு வந்தவர் என் கணவர். கடுகண்ணாவையில் வேலை முடிந்து வரும்போது, மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அதோடு அவர் பொறுப்பு முடிந்தது. தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிப் பவுடர், அது கடித்துக் குதறிய பக்கத்து வீட்டுச் செருப்பு எல்லாம் என் கிளார்க் சம்பளத்தில்தான்.

போன வருடம் ஒரு வேன் அதன் பின்னங்காலை நொறுக்கிவிட்டுப் போனது. மடியில் கிடத்திப் பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். தகடு வைத்தால் நடக்கும், இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கடைவாய்ப் பல் இரண்டு கட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த பணம் அப்படியே தகடாகிப் போனது. இன்றைக்கும் நான் ஒரு பக்கமாகத்தான் மெல்கிறேன்.

பணம் மட்டும் போதுமா என்று பயந்து முருகனிடமும் நேர்ந்துகொண்டேன். அது நாலு காலில் நடந்தால், கந்தசஷ்டி ஆறு நாளும் வீட்டில் எல்லோரும் மாமிசம் தொடாமல் விரதம் இருப்போம். எல்லோரும் என்றால் நாயும்தான். என் கணவரும் பெரிதாகத் தலையாட்டினார்.

நாய் நடந்தது. சஷ்டியும் வந்தது. தயிர்ச் சோற்றைப் பிசைந்து வைத்தேன். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. இரண்டாம் நாள் தொடவே இல்லை. என் நேர்த்திக்கு இந்த வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கிறதே என்று அழுதேன். ஆனால் வயிறு மட்டும் ஒட்டவில்லை. மாலையானால் படியிறங்கி எங்கேயோ போய்விட்டு வந்து நிம்மதியாகத் தூங்கியது.

நான்காம் நாள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். லேசாக நொண்டியபடி சந்தையைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தது. உள்ளே, வேலை முடிந்து நேராகக் கோயில் பூசைக்குப் போவதாகச் சொல்லியிருந்த என் கணவர். முன்னால் ஒரு தட்டு கோழிக் கொத்து ரொட்டி. காலையில் நான் பூசிவிட்ட விபூதி நெற்றியில் அப்படியே இருந்தது. அவர் போட்ட எலும்பை மேசைக்கடியில் நாய் நொறுக்கத் தொடங்கியது.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க. நாலு நாளா ரெண்டு பேரும் நம்ம கடையிலதான்" என்றார் கடைக்காரர், நல்ல மனதோடு.

என் கணவர் வாயில் இருந்ததை விழுங்கினார். "நாய்க்குத்தான் வாங்குனேன். தயிர்ச் சோறு அதுக்கு ஒத்துக்கல."

"ஒங்களுக்கு?"

அவர் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"சாமிகிட்ட கால் கேட்டு வாங்கிட்டு, இப்பிடியா செய்வீங்க? நாளைக்கு அது மறுபடி விழுந்தா யாருகிட்ட போயி நிப்பேன்?"

அவர் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து பழகியதுதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த அந்த நாயைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வாடா, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட்டேன்.

அது என்னைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. பிறகு, என் பல்லைக் கொடுத்து நான் வாங்கிய அந்தக் காலை ஊன்றி எழுந்து, அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.