பூங்காவனம் அத்தை கட்டிய சுவர்

சுண்ணாம்புக்காகச் சுட்ட கிளிஞ்சலின் மேல் தண்ணீரை ஊற்றினால் உடனே ஒன்றும் நடக்காது. பத்து எண்ணுவதற்குள் அடியிலிருந்து ஒரு சீறல் கிளம்பும். பிறகு ஒவ்வொரு கிளிஞ்சலாக வெடித்து, மாவாகப் பூத்து, உலைபோலக் கொதிக்கும். மூக்கை அரிக்கும் வெந்த வாசனை ஒன்று கொல்லை முழுக்கப் பரவி, கொடியில் காயும் துணியிலெல்லாம் ஏறிக்கொள்ளும். அறுபதுகளின் நடுவில், நான் ஏழாவது படித்த வருஷத்தில், மாசியும் பங்குனியும் கடலூர் திருப்பாப்புலியூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அந்த வாசனைதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் நகர்ந்து உட்காரவில்லை. நாங்கள் குளிப்பதற்கு ஓர் இடம் கட்டிக்கொண்டிருந்தோம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அதுவரை எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கிணற்றடியில் ஒரு "தட்டி" மறைவில் குளித்தோம். தென்னங்கீற்றை முடைந்து மூன்று பக்கம் கட்டிய மறைப்பு அது, மேலே வானம். அதில் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்து, அதை நான்கு ஆண்களுக்கு வாடகைக்கு விடும்வரை. அவர்கள் எட்டிப் பார்த்தார்களா என்று பின்னாளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பார்த்திருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கை தெரிந்தால் போதும், உடம்பில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றுவிடும். ஆகவே விடிவதற்கு முன், நான்கு மணி இருட்டில் எழுந்து குளிக்க ஆரம்பித்தோம். மார்கழியில் ஒரு நாள் அம்மா அந்த இருட்டில் பாசிக் கல்லில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டாள்.

குளிக்க நான்கு சுவர் எழுப்பிக்கொள்ளலாமா என்று கேட்டு அப்பா சிதம்பரத்துக்கு ஒரு கார்டு எழுதினார். அங்கே இருந்தவர் என் பெரியப்பா. வீடு தாத்தா பெயரில், பாகம் பிரிக்காமல் கிடந்தது. பெரியப்பா வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். ஓட்டில் ஒன்று உடைந்தாலும் அவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். "சித்திரையில் நேரில் வந்து பார்க்கிறேன். அதுவரை எதையும் தொட வேண்டாம்" என்று பதில் வந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் அப்பா நல்லவர். அண்ணன் முன்னால் மட்டும் அவருக்குக் குரல் வராது.

அந்தக் கார்டை அவர் பையிலிருந்து எடுத்துப் படித்தவள் பூங்காவனம் அத்தை. அப்பாவின் தங்கை. மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்து, நான்கு வருஷம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டவள். ஊரில் அதற்கு "வந்து உக்காந்துட்டா" என்று பெயர். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் தோளில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்த பிறகு நானும் கேட்கவில்லை. இருபத்தாறு வயது. சோறு போட்டால் சாப்பிடுவாள், வேலை இருந்தால் செய்வாள், பேச்சு ஜாஸ்தி கிடையாது. தான் இந்த வீட்டில் எந்த மூலைக்கும் சொந்தமில்லை என்பதுபோல நடந்துகொள்வாள்.

அன்றைக்கு அவள் கார்டைத் திருப்பி அப்பாவிடம் நீட்டி, "சித்திர வரைக்கும் அண்ணி ஒத்தக் கையோட இருட்டுல போயி குளிக்கணுமாண்ணே?" என்று கேட்டாள்.

"அவரு வரட்டும்மா. பொதுச் சொத்து. நாம இன்னா செய்ய முடியும்?"

"நீ ஒண்ணும் செய்ய வாணாம். நான் செய்றேன்."

கொல்லைக் கோடியில் மாடு கன்று இருந்த காலத்துக் கொட்டகை இடிந்து கிடந்தது. மறுநாள் அந்தக் குவியலிலிருந்து முழுச் செங்கல்லாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடச் சேர்ந்துகொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் சுவர் கட்டுவதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெருவில் கேட்டால் விஷயம் சிதம்பரம் போய்விடும் என்பதால் யாரையும் கேட்கவும் இல்லை.

முதல் சுவர் இடுப்பு உயரம் வந்தது. ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது, விழுந்துவிட்டது. பொய்யில்லை, காக்கை உட்கார்ந்த அதே நிமிஷம். கல்லின்மேல் கல்லை நேர் நேராக அடுக்கியிருந்தோம், பெட்டி அடுக்குவதுபோல. அத்தை அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க பள்ளிக்கூடத்துச் சுவரு எப்பிடி நிக்கிதுன்னு பாத்துட்டு வா" என்றாள். மறுநாள் இடைவேளை முழுக்க நான் பூச்சு உதிர்ந்த ஒரு சுவரின் முன்னால் நின்றேன். ஒரு வரிசையில் இரண்டு கல் சேரும் சந்துக்கு நேர் மேலே, அடுத்த வரிசையில் ஒரு கல்லின் நடுப்பாகம் இருந்தது. நோட்டில் வரைந்து கொண்டுவந்து காட்டினேன். அத்தை அதை வெகுநேரம் பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது சுவர் விழவில்லை, ஆனால் சுண்ணாம்புக் காரை பிடிக்காமல் கல் கல்லாகக் கையோடு வந்தது. காய்ந்த செங்கல் சுண்ணாம்பிலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அம்மா. தூளி கட்டிய கையோடு அதுவரை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து இடது கையால் ஒவ்வொரு கல்லாக அண்டாவில் முக்கி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். காரை அள்ளிப் பூசும் கரணைக்குப் பதில் அவளுடைய தோசைத் திருப்பி. சுவர் நேரா என்று பார்க்கும் தூக்குக்குண்டுக்குப் பதில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பித்தளைப் பூட்டு. மணல் கெடிலம் ஆற்றிலிருந்து குடத்தில் வந்தது, சவுக்குக் கம்பும் கீற்றும் கூரைக்கு. சுண்ணாம்பு எங்கள் விரல் நுனியெல்லாம் தின்றுவிட்டது. எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியதில் நோட்டு முழுக்க எண்ணெய்க் கறை.

ஒரு வேலையை மட்டும் அத்தை யாரையும் எதையும் பார்க்காமல் தானாகவே யோசித்துச் செய்தாள். கொட்டகையில் கிடந்த மாட்டுத் தண்ணித் தொட்டியை உருட்டி வந்து, பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி சுவருக்குள் வைத்துக் கட்டினாள். வெளியே கிணற்றடியில் நின்று ஊற்றினால் உள்ளே குளிப்பவளுக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் ஓடிவிடும்படி தரைக்கு வாழைப் பாத்தியைப் பார்த்து வாட்டம் கொடுத்தாள். பழைய பலகையில் கதவு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அதைத் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து கழற்றிப் போட்டாள்.

சுவர் லேசாகத் தெற்கே சாய்ந்திருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடவே தெருமுனையிலிருந்து ஒரு கொத்தனாரையும், கடப்பாரையோடு கூட்டிவந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு நடந்தார்.

"யாரைக் கேட்டு இதை வச்சீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "நான்தான் மாமா வைக்கச் சொன்னேன்" என்றாள். அது பொய். அத்தை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி சொல்லல. நான்தான் கட்டினேன்" என்றாள்.

"புருஷன் வூட்ல இருக்கத் துப்பில்ல. இங்க வந்து என் எடத்துல கொத்து வேல பாக்கறியா? இன்னிக்கு இது போவணும். நாளைக்கு நீயும் மேல்பட்டாம்பாக்கம் போவணும்." பிறகு கொத்தனாரைப் பார்த்து, "இடிப்பா" என்றார்.

அத்தை கொடியிலிருந்து ஒரு புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அடுத்து, சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம்.

கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்தார். சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். "புதுக் கைங்க. ஆனா கட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார், யாருமே கேட்காமல். "பொம்பள குளிக்கிற எடத்துல நான் கடப்பாற போடமாட்டேங்க. வேற ஆளப் பாருங்க." அவர் போய்விட்டார்.

பெரியப்பா துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். "தொட்டித் தண்ணி எத்தினி நேரத்துக்கு? தீந்தா வெளிய வந்துதானே ஆவணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. தொட்டி சிறியது. உள்ளே சொம்பு தொட்டியின் அடியில் உரசும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் கிணற்றைப் பார்த்தேன்; எனக்கு அந்த ராட்டினம் எட்டும், ஆனால் பெரியப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். காலெடுத்து வைத்தேன்.

அதற்குள் அப்பா நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணனைச் சுற்றிக்கொண்டு போய், வாளியைக் கிணற்றில் விட்டார். ராட்டினம் கிறீச்சிட்டது. முதல் வாளியைத் தொட்டியின் வெளிப்பாதியில் ஊற்றினார். இரண்டாவது வாளி. மூன்றாவது. அண்ணன் பக்கம் திரும்பவில்லை. உள்ளே அத்தை மறுபடியும் மொண்டு ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தாள்.

"கோவிந்தா" என்று பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா நான்காவது வாளியை இறைத்தார்.

அத்தை ஈரத் தலையோடு வெளியே வந்தபோது, வாசலிலேயே நின்றிருந்த அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அம்மாவுக்கு அடுத்து நான். நான் வெளியே வந்தபோது, மாடி வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜெயா அக்கா தோளில் துணியும் கையில் மஞ்சளுமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கிணற்றடியும் அந்த மாடிக்குக் கீழேதான் இருந்தது. "நானும் ஒரு தடவ குளிச்சிக்கட்டுமா பூங்காவனம்?" என்றாள். அப்பா தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தார். பெரியப்பா மத்தியான ரயிலுக்குச் சிதம்பரம் போனார், சாப்பிடாமல்.

அத்தையை மேல்பட்டாம்பாக்கம் போகச் சொல்லி அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பாகம் பிரித்தபோது கொல்லை அப்பா பங்குக்கு வந்தது. அத்தை அந்த வீட்டில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தாள். ஓடு மாற்றினாள், தளம் போட்டாள், சமையலறையில் புகைபோக்கி வைத்தாள், ஒருவரையும் கேட்கவில்லை.

இப்போது அங்கே மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கிணற்றை மூடிவிட்டார்கள். வாழைப் பாத்தி இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள். சுவர், தொட்டி, கொட்டகை, ஒன்றும் மிச்சமில்லை. போன தை மாதம் போயிருந்தபோது இரண்டாவது மாடியில் குடியிருக்கும் பெண் என்னை உள்ளே அழைத்துக் காட்டினாள். காலை பதினோரு மணி. அவளுடைய மகள் குளித்துக்கொண்டிருந்தாள், வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு, அவசரமே இல்லாமல். "எப்பப் பாத்தாலும் இப்பிடித்தாங்க, ஒரு மணி நேரம்" என்று தாய் சலித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா, மெதுவா வரட்டும்" என்றேன். பழைய நாட்களை நினைத்து ஏங்குகிறவர்களின் கூட்டத்தில் நான் இல்லை. நான்கு மணி இருட்டும் பாசிக் கல்லும் ஒழிந்தன. அவற்றுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் என்னிடம் கிடையாது. அந்தப் பெண் வெளியே வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.